முள்ளங்கி வாங்கினால் இலையையும் கேட்டு வாங்குங்கள்

"மாதாஜி, பத்தே தோட் தூங்?" (இலையைக் கிள்ளிவிடட்டுமா?) தில்லி மலை மந்திரில் முருகனைக் கும்பிட்டு இறங்கினால், ஆர்.கே.புரம் தள்ளுவண்டிக்காரர் கேட்பது இதைத்தான். நாம் பதில் சொல்வதற்குள் இலையை முறுக்கி எறிந்துவிடுவார். பக்கத்திலேயே மாடு காத்திருக்கும். அதனால் முள்ளங்கியில் கை வைக்கும்போதே "ரெஹ்னே தோ பையா" (இருக்கட்டும் தம்பி) என்று முந்திக்கொள்வேன்.

தில்லிக் குளிரில் தாகமே எடுக்காது. காலையில் ஒரு காபி, மத்தியானம் கொஞ்சம் ரசம், அதோடு சரி. தை பிறப்பதற்குள் வீட்டில் ஒருவருக்கு நீர்க்கடுப்பு, இன்னொருவருக்கு மலச்சிக்கல். கும்பகோணத்திலிருந்து வந்திருந்த என் மாமியார்தான் இதற்கு முள்ளங்கிக் கீரையைக் கையில் எடுத்தார். நீரைப் பிரிக்கும், வயிற்றை இளக்கும் என்பது அவர் பக்கத்துக் கைவைத்தியம். வைட்டமின் சி-யும் சுண்ணாம்புச்சத்தும்கூட கிழங்கைவிட இலையில்தான் அதிகம்.

உள்ளங்கை நீளத்துக்கு மேல் போகாத இளம் இலையாகப் பாருங்கள். முற்றினால் கசக்கும், சுணையும் அதிகம். விரலால் இலையின் அடிப்பக்கத்தைத் தடவினாலே நெறுநெறுவென்று தெரியும். யமுனைக் கரையில் சாக்கடை கலந்த தண்ணீரில் விளைந்தது என்று தெரிந்தால் நான் வாங்குவதில்லை. அந்த மண்ணிலுள்ள ஈயம் கீரையிலும் ஏறும், கழுவினால் போகாது. வீட்டுக்கு வந்ததும் இலையைத் தனியே நறுக்கிவிடுங்கள். சேர்ந்தே கிடந்தால் கிழங்கின் ஈரத்தை இலை இழுத்து, கிழங்கு வதங்கிவிடும். கீரையை அன்றைக்கே சமைத்துவிடவேண்டும்.

அகலப் பாத்திரத்தில் தண்ணீர் நிரப்பி, கீரையை அலசி மேலே தூக்கி எடுங்கள். தண்ணீரோடு கவிழ்த்தால் மணல் திரும்பக் கீரைமேலேயே உட்காரும். மூன்று தண்ணீராவது வேண்டும். பொடியாக நறுக்கி, ஒரு கைப்பிடி பாசிப்பருப்பை முக்கால் வேக்காட்டில் எடுத்து, நாலு பல் பூண்டு, மிளகாய் வற்றல் தாளித்து, கீரையையும் பருப்பையும் போட்டு வதக்குங்கள். மூடவேண்டாம், பச்சை வாடை உள்ளேயே நின்றுவிடும். உப்பைக் கடைசியில் போடுங்கள். குவியலாகத் தெரிகிற கீரை வதங்கினால் ஒரு கரண்டிதான். தேங்காய்த் துருவல் உங்கள் இஷ்டம்.

நீர்க்கடுப்புக்கு மாமியார் கொடுத்தது சாறு. ஒரு பிடி இலையை மிக்ஸியில் அரைத்து, ஒரு தம்ளர் தண்ணீர் விட்டு ஒரு கொதி வந்ததும் இறக்கி, துணியில் வடிகட்டி, சிட்டிகை சீரகப்பொடி. காலைப் பலகாரத்துக்குப் பிறகு அரைத் தம்ளர், இரண்டு மூன்று நாளைக்கு. கொதிக்கவைப்பானேன் என்று ஒருமுறை பச்சையாக, அதுவும் வெறும் வயிற்றில் குடித்தேன். மத்தியானம் வரை வயிறு எரிந்தது. மாமியார் ஒன்றும் சொல்லவில்லை, மோர் மட்டும் கொண்டுவந்து வைத்தார்.

இங்கே பக்கத்து வீடுகளில் காமாலைக்கும் இந்தச் சாற்றைத்தான் குடிக்கச் சொல்வார்கள். அதில் எனக்கு உடன்பாடில்லை. கண் மஞ்சளித்தால் முதலில் ரத்தப் பரிசோதனை. கடுப்போடு காய்ச்சலோ, சிறுநீரில் ரத்தமோ இருந்தாலும் டாக்டரிடம்தான் போகவேண்டும். ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் சாப்பிடுகிறவர்களும், கிட்னிக் கோளாறு உள்ளவர்களும் டாக்டரைக் கேட்காமல் இதைத் தொடவேண்டாம்.

தண்டு மிஞ்சுமே, அதை எறியாதீர்கள். மெல்லிசாக அரிந்து மோர்க்குழம்பில் போடலாம். வண்டிக்காரர் இப்போது மற்றவர்கள் வேண்டாமென்ற இலையையும் எனக்கென்று ஒதுக்கி வைக்கிறார், காசு வாங்குவதில்லை. மாட்டுக்குத்தான் என்மேல் கோபம்.