ஸ்டீராய்டு ஊசி போட்ட இடம் வீங்கினால்

ஊசி போட்ட இடத்தில் ஓரிரு நாள் வலி இருப்பது சகஜம், தானாகக் குறைந்துவிடும். ஆனால் நாளுக்கு நாள் சிவந்து, சூடேறி, தொட்டாலே உயிர் போகிற மாதிரி வலித்து, அழுத்தினால் உள்ளே நீர் கோத்ததுபோல் மெத்தென்று இருந்தால் பெரும்பாலும் சீழ்க்கட்டிதான். தயவுசெய்து பிதுக்காதீர்கள், நீங்களே குத்தி உறிஞ்சவும் பார்க்காதீர்கள், கிருமி இன்னும் ஆழமாக இறங்கிவிடும். சீழ் சேர்ந்தபிறகு வெறும் ஆன்டிபயாடிக் மாத்திரை பெரும்பாலும் போதாது, மருத்துவர் கீறி வெளியேற்ற வேண்டியிருக்கும். என்ன மருந்து போட்டீர்கள் என்பதை மறைக்காமல் சொல்லுங்கள். காய்ச்சல், குளிர் நடுக்கம் வந்தால் உடனே ஓடுங்கள்.

வராமல் தடுக்க ஒவ்வொரு முறையும் புது ஊசி, புது சிரிஞ்ச். தோலையும் குப்பியின் ரப்பர் மூடியையும் 70% ஆல்கஹாலால் துடைத்து, நன்றாகக் காயவிட்டு அப்புறம் குத்துங்கள், ஈரத்தோடு குத்தினால் கிருமி சாக நேரமே இருக்காது.