வீட்டோடு முடங்கும் நாட்களில் பார்க்கின்சன்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

தொற்றுப் பயமோ, பிள்ளைகள் தொலைவில் இருப்பதோ, காரணம் எதுவானாலும் பார்க்கின்சன் என்கிற, உடல் அசைவை மந்தமாக்கி இறுக்கும் நரம்பு நோய் உள்ளவர் வெளியே போவது நின்றதும் குடும்பங்கள் செய்யும் தவறுகள் மட்டும் மாறுவதே இல்லை. இயன்முறை சிகிச்சை தருகிறவன் என்பதால் புதுப்புது வீடுகளில் அதே காட்சியைப் பார்க்கிறேன். வழுக்கும் கால்மிதியை எடுப்பது, குளியலறையில் கைப்பிடி வைப்பது எல்லாம் தெரிந்ததுதான், விட்டுவிடுகிறேன்.

'வீட்டில்தானே இருக்கிறோம்' என்று மாத்திரை நேரத்தைத் தளர்த்துவது

இதைப் பார்த்தால் இப்போதும் எரிச்சல் வருகிறது. வெளிவேலை இருந்தவரை காலை 7 மணி மாத்திரை 7 மணிக்கே உள்ளே போகும். அது நின்றதும் விழிப்பு தள்ளிப்போகிறது, முதல் வேளை 9 ஆகிறது, மதிய வேளை சாப்பாட்டோடு கலந்துவிடுகிறது. இந்த நோய்க்கான முக்கிய மருந்து லெவோடோபா. உடல் அசைவுக்கு வேண்டிய டோபமைன் என்ற ரசாயனமாக மூளையில் மாறுவது அதுதான். அது உடம்பில் அதிக நேரம் தங்காது. கார்பிடோபா என்ற துணை மருந்தோடு சேர்த்துக் கொடுத்தாலும் சுமார் ஒன்றரை மணி நேரத்தில் ரத்தத்தில் பாதியாகிவிடும். ஆரம்ப வருடங்களில் மூளையில் மிஞ்சியிருக்கும் நரம்பணுக்கள் டோபமைனைச் சேமித்துவைத்துச் சமாளிக்கும். போகப்போக அந்தத் திறன் குறையும். அப்புறம் அரை மணித் தாமதம்கூட நடையில் தெரியும்.

ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவரின் மகன், "அம்மாவுக்கு நோய் முற்றிடுச்சு சார், நாற்காலியை விட்டு எழவே முடியல" என்று போன் செய்தார். மருத்துவரிடமும் அதையே சொல்லி, மாத்திரை அளவைக் கூட்டியாகிவிட்டது. கூட்டியதும் கையும் தலையும் தானாக நெளிய ஆரம்பித்தன. மாத்திரை எத்தனை மணிக்கு, சாப்பாடு எத்தனை மணிக்கு, உடம்பு இறுகுவது எப்போது என்று ஒரு வாரம் எழுதிவைக்கச் சொன்னேன். முதல் வேளை ஒவ்வொரு நாளும் வேறு வேறு நேரம். தவறியதைச் சரிக்கட்ட இரண்டை ஒன்றாகப் போட்டிருக்கிறார். மதிய மாத்திரையோ பருப்பும் முட்டையும் சாப்பிட்ட கையோடு. புரதம் செரித்து வரும் அமினோ அமிலங்கள் குடலிலும், மூளைக்குள் நுழையும் இடத்திலும் லெவோடோபாவோடு போட்டி போடும். அந்தத் தாளைப் பார்த்த மருத்துவர் பழைய அளவுக்கே திரும்பினார். நேரம் ஒழுங்கானதும் அம்மா நடந்தார். முன்போல் வேகமாக இல்லை, ஆனால் பிடித்துக்கொள்ள ஆள் தேவைப்படவில்லை.

பொதுவாக மாத்திரை சாப்பாட்டுக்கு அரை மணி முன்னால், இல்லாவிட்டால் ஒரு மணி பின்னால். குமட்டினால் புரதம் அதிகமில்லாத ஏதாவது ஒரு வாய். ஒவ்வொரு வேளைக்கும் கைப்பேசியில் தனித்தனி அலாரம். வேளை தவறினால் இரட்டிப்பாகப் போடாமல் மருத்துவரைக் கேளுங்கள். 'முற்றிவிட்டது' என்று சொல்லும் முன் கடிகாரத்தைப் பாருங்கள், தயவுசெய்து.

மாத்திரையைச் சட்டென நிறுத்துவது

கூடவே கூடாது. கடும் காய்ச்சல், விறைப்பு, மனக்குழப்பம் என்று உயிருக்கே ஆபத்தாகலாம். கடைசி அட்டையைப் பிரிக்கும் முன்பே அடுத்ததை வாங்கிவையுங்கள்.

அலமாரியில் கிடந்த குமட்டல் மாத்திரையும் இருமல் மருந்தும்

மெட்டோக்ளோப்ரமைடு, புரோகுளோர்பெரசின் இரண்டும் டோபமைனையே தடுப்பவை. பார்க்கின்சனுக்கே தரப்படும் செலிஜிலின், ராசஜிலின் மாத்திரைகளை எடுப்பவர்கள் டெக்ஸ்ட்ரோமெத்தார்ஃபன் கலந்த இருமல் மருந்தைத் தொடக் கூடாது.

நாற்காலியே கதி

மணிக்கு ஒரு முறையாவது எழுந்திருங்கள். மெதுவாக எழுங்கள், சட்டென எழுந்தால் ரத்த அழுத்தம் இறங்கித் தலை சுற்றும்.

பேச ஆளில்லை என்று குரலை விட்டுவிடுவது

குரல் தேய்வது நோயாளிக்கே தெரியாது. சரியாகத்தான் பேசுகிறேன், உங்களுக்குத்தான் காது மந்தம் என்பார். முகத் தசைகளும் இறுகுவதால் வீடியோ அழைப்பில் சிரிப்பு தெரியாது. தாத்தாவுக்குப் பேசப் பிடிக்கவில்லை போல என்று பேரப்பிள்ளைகள் சீக்கிரம் வைத்துவிடுவார்கள், அப்புறம் கூப்பிடுவதும் குறையும். அவர் சொல்ல வருவதை நீங்கள் முந்திக்கொண்டு முடித்துவைக்காதீர்கள். தினமும் கொஞ்ச நேரம், அடுத்த அறைக்குக் கேட்கும்படி செய்தித்தாளை வாசிக்கச் சொல்லுங்கள். மனச்சோர்வு இந்த நோயின் ஒரு பாகமாகவே வரும் என்பதால், தனிமை தீர்ந்தால் சரியாகிவிடும் என்று விடாமல் மருத்துவரிடம் சொல்லுங்கள். அழைப்புகளை மாத்திரை நன்றாக வேலை செய்யும் நேரத்துக்கு மாற்றுங்கள். மகன் அலுவலகம் முடிந்து ஓய்வாக இருக்கிறார் என்பதற்காக, மருந்தின் பலம் இறங்கிய மாலையில் நோயாளியைக் கேமரா முன் உட்காரவைத்தால் இரண்டு பக்கமும் நொந்துபோவதுதான் மிச்சம்.