மாரி வெள்ளத்தில் இளம் ஊழியர்: மட்டக்களப்பு, அம்பாறைக் கிராமங்களுக்கு வருவோருக்கான வழிகாட்டி

கிழக்கில் வடகீழ்ப் பருவமழை ஐப்பசியில் தொடங்கித் தை வரை நீடிக்கும். 1957, 2011, 2014, 2024 என்று ஊரார் ஆண்டைச் சொல்லியே நினைவுகூரும் பெருவெள்ளங்கள் யாவும் இந்த மாரிகாலத்தில் வந்தவை. ஆதலால், கத்தோலிக்கப் பங்கொன்றில் பயிற்சிக்காக விடப்பட்டிருக்கும் துறவற மாணவரும், மெதடிஸ்த சேகரமொன்றுக்கு அனுப்பப்பட்ட ஊழியரும், சிறு சபையொன்றின் சார்பில் ஓரிரு ஆண்டுக்காக வந்திருக்கும் இளைஞர் யுவதிகளும், தாம் எதற்காக வந்தார்களோ அந்தப் பணியைச் சில கிழமைகளுக்கு ஒதுக்கிவைத்துவிட்டு, முகாமில் பாய் விரிக்கவும் வீடுகளில் சேறு வழிக்கவும் கிணறு இறைக்கவும் வேண்டிவரும் என்பதை வந்த நாளிலேயே மனத்திற் கொள்வது நல்லது. அவ்வேலைகளை எப்படிச் செய்தால் ஊருக்கு உதவியாகும், எப்படிச் செய்தால் உபத்திரவமாகும் என்பதையே இங்கு எழுதுகிறேன்.

தண்ணீர் எந்த வழியாக வரும்?

மழைக்கு முன்னர் செய்ய வேண்டிய முதல் வேலை, ஊரின் மேடு பள்ளத்தை அறிவதாகும். மட்டக்களப்பு வாவி ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீளமானது. அதன் மேற்கே படுவான்கரை. கிழக்கே, வாவிக்கும் கடலுக்கும் நடுவில் எழுவான்கரை. படுவான்கரை வயல்களின் வெள்ளம் வாவிக்குள் இறங்கி, முகத்துவாரம் திறந்திருந்தால்தான் கடலுக்குப் போகும். முகத்துவாரத்தை மணல் மூடிக் கிடந்தால், அதை வெட்டிவிடும்வரை தாழ்நிலங்களில் தண்ணீர் நின்றுவிடும். தங்கும் ஊரில் வானம் வெளித்திருக்கும் நாளிலும், உன்னிச்சை, நவகிரி போன்ற குளங்களின் வான்கதவுகள் திறக்கப்பட்டால் சில மணித்தியாலங்களில் கீழூர்களில் நீர் ஏறும். அம்பாறைப் பக்கத்துக் கீழூர்கள் சேனாநாயக்க சமுத்திரம் என்னும் பெருங்குளத்தைப் பற்றி இதே கவலையுடன் விசாரிக்கும். ஆகவே கைபேசியில் மழை முன்னறிவிப்பை மட்டும் பார்த்திராமல், எந்தக் குளம் வான் பாய்கிறது (நிரம்பி வழிகிறது), எந்தக் கதவு எப்போது திறக்கப்படும் என்ற அறிவித்தல்களையும் நாளாந்தம் கேட்டுக்கொள்ள வேண்டும்.

ஊர்ப் பெரியவர் ஒருவரிடம், “ஐயா, 2011 இல தண்ணி எதுமட்டும் வந்தது?” என்று கேட்டால், அவர் கோயில் மதிலிலோ கிணற்றுக் கட்டிலோ கையை வைத்து, “இதுமட்டும் மனே” என்று காட்டுவார். அந்த உயரத்தைக் குறித்துக்கொண்டு, எந்த வீடுகள் முதலில் மூழ்கும், அவற்றில் நடக்க முடியாதவர்கள் எவர், நிறைமாதக் கர்ப்பிணிகள் எவர் என்பதையும் அதே கொப்பியில் எழுதிவைத்தால், வெள்ளம் வந்த இரவில் எவ்வீட்டுக்கு முதலில் ஓடுவது என்று தடுமாற வேண்டியிராது.

கிரானிலிருந்து புலிபாய்ந்தகல்லுக்குப் போகும் பாதையும், கல்முனையையும் நாவிதன்வெளியையும் இணைக்கும் கிட்டங்கித் தாம்போதியும் (நீர் மேலால் பாயக்கூடிய தாழ்ந்த பாலவீதி) மாரியில் மூழ்குவது வழமை. 2024 நவம்பர் 26 ஆம் திகதி காரைதீவு மாவடிப்பள்ளி வீதியில் உழவு இயந்திரமொன்று வெள்ளத்தில் இழுத்துச் செல்லப்பட்டு, அதில் வீடு திரும்பிக்கொண்டிருந்த மத்ரஸா மாணவர்கள் உயிரிழந்தனர். உழவு இயந்திரம் உயரமானது, பாரமானது, எதையும் தாண்டிவிடும் என்ற நம்பிக்கை ஊரில் பரவலாக உண்டு. இளம் ஊழியர் அதை நம்பி ஏறவும் கூடாது, பிறரை ஏற்றவும் கூடாது. ஓடும் நீர் முழங்காலளவு இருந்தாலே நின்ற ஆளைத் தள்ளிவிடும். படகிற் போவதாயின் கடற்படையினரோ அனுபவமுள்ள மீனவரோ செலுத்தும் படகில், உயிர்காப்பு அங்கி அணிந்தே போக வேண்டும். வாவியில் முதலைகளும் உள்ளன. வெள்ளத்தோடு அவை வழக்கமில்லாத இடங்களுக்கும் வரும்.

யாருடன் சேர்ந்து வேலை செய்வது?

தனியே ஒரு நிவாரணப் பணியைத் தொடங்க வேண்டாம். கிராம உத்தியோகத்தரிடம் பெயர், தங்குமிடம், தொலைபேசி இலக்கம் ஆகியவற்றைக் கொடுத்து, “என்ன வேலைக்கு ஆள் குறைவு?” என்று கேட்பதே சரியான தொடக்கம். பங்குத்தந்தை அல்லது போதகரிடமிருந்து ஓர் அறிமுகக் கடிதம் கையில் இருந்தால் பிரதேச செயலகத்திலும் வீண் சந்தேகம் எழாது. அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117, அம்புலன்ஸ் சேவையின் 1990 ஆகிய இரு இலக்கங்களையும் மனப்பாடமாக வைத்திருக்க வேண்டும். ஊரில் வெள்ளம் வந்தால் முதலில் அடுப்பு மூட்டுபவர்கள் கோயில் பரிபாலன சபையினர், பள்ளிவாசல் நிர்வாகத்தினர், மாதர் சங்கத்தினர், மீனவர் சங்கத்தினர் ஆகியோர்தான். அவர்களிடம் பெரிய பானையும் அகப்பையும் ஆட்களும் உண்டு; வெங்காயம் உரிக்கவும் பார்சல் கட்டவும்தான் கைகள் போதாது.

அரச நிவாரணம் கிராம உத்தியோகத்தரின் பதிவின்படியே வழங்கப்படும். அப்பதிவில் தவறிப்போகக் கூடியவர்களைத் தேடிப்பிடிப்பது ஓர் இளம் ஊழியரால் எவரையும்விட நன்றாகச் செய்யக்கூடிய வேலை. பாடசாலையிலுள்ள இடைத்தங்கல் முகாமுக்குச் சமைத்த சோறு வந்துவிடும். ஆனால் அக்கா வீட்டிலோ மாமன் வீட்டிலோ போய் ஒதுங்கிய குடும்பம் கணக்கில் விடுபட்டுப்போவதுண்டு. ஒரு வீட்டின் அரிசியில் மூன்று குடும்பங்கள் சாப்பிட, மூன்றாம் நாள் அந்த வீடும் பட்டினியாகும். வாடகைக்கு இருப்போர், வேறு பிரிவில் பதிவுள்ளோர், வயல் வாடியில் காவலிருந்து அகப்பட்டுக்கொண்டோர், பட்டியை விட்டுவர மறுக்கும் மாட்டுக்காரர் ஆகியோரும் இவ்வாறே விடுபடுவர். அவர்களின் பெயர்களை எழுதி, அன்றன்றே கிராம உத்தியோகத்தரிடம் கொடுக்க வேண்டும். தாமே ஒரு தனிப்பட்டியல் வைத்துப் பங்கிடத் தொடங்கினால் அயலாருக்குள் சண்டை வரும்.

சமயம் குறித்து

இவ்விடயத்தை நீட்டியே சொல்ல வேண்டியிருக்கிறது. சைவரும் முஸ்லிம்களும் கிறிஸ்தவரும் அடுத்தடுத்து வாழும் இந்தக் கரையோரத்தில், பசித்தவனுக்குச் சோறு கொடுத்து மதம் மாற்றுகிறார்கள் என்ற பேச்சு ஒருமுறை எழுந்தால், அது அந்த ஊழியர் மாற்றலாகிப் போன பின்னரும் அவருடைய சபையினர்மீது நிற்கும். செஞ்சிலுவை, செம்பிறை இயக்கமும் அரசு சாரா நிறுவனங்களும் அனர்த்த நிவாரணத்துக்காக 1994 இல் ஏற்றுக்கொண்ட நடத்தைக் கோவை, எந்த அரசியல் அல்லது சமய நிலைப்பாட்டையும் வளர்ப்பதற்கு உதவியைப் பயன்படுத்தலாகாது என்று கூறுகிறது. நடைமுறையில் இதன் பொருள் என்னவெனில், உலர் உணவுப் பொதிக்குள் துண்டுப்பிரசுரமோ வேதாகமப் பகுதியோ வைக்கக் கூடாது. லொறியில் சபையின் பதாகை கட்டக் கூடாது. பொதி வாங்குவோரை வரிசையில் நிறுத்திப் படம் பிடித்து முகநூலில் இடக் கூடாது. அனுப்பியவர்களுக்குப் படம் காட்டியே தீர வேண்டுமாயின், கட்டிவைத்த பொதிகளைப் படமெடுத்து அனுப்பலாம்.

எவரேனும் தாமாக, “எங்களுக்காகச் செபிங்க தம்பி” என்று கேட்டால், அவர்களுடன் தனியே, தாழ்ந்த குரலில் செபிக்கலாம். முகாமின் ஒலிபெருக்கியில் வேண்டாம். 1814 இல் மட்டக்களப்புக்கு வந்து, ஓராண்டும் நிறையாமல் இங்கேயே இறந்த மெதடிஸ்த மிஷனரி வில்லியம் ஓல்ட்டை, அவர் தொடக்கிவைத்த பள்ளிக்கூடத்தைக் கொண்டுதான் பிற சமயத்தவரும் இன்றுவரை அறிவார்கள்.

உணவிலும் சமயம் உண்டு. வெள்ளம் வரும் கார்த்திகை, மார்கழி மாதங்களிலேயே விநாயகர் பெருங்கதை விரதமும், ஐயப்பன் மாலை விரதமும், திருவெம்பாவையும் வருகின்றன. அப்போது முட்டைக் கறியோ கருவாடோ வைத்த பார்சலை விரதகாரர் திறந்துகூடப் பார்க்கமாட்டார், வேண்டாமென்று சொல்லவும் கூச்சப்படுவார். முஸ்லிம் குடும்பங்கள் ஹலால் என்று தெரியாத இறைச்சியைத் தொடமாட்டா. சோறு, பருப்பு, கத்தரிக்காய், பூசணிக்காய் என்று மரக்கறியாகவே சமைத்துவிட்டால் எவரிடமும் எதையும் விசாரிக்க வேண்டியதில்லை. பாலூட்டும் தாய்மாருக்குக் குழந்தைப் பால்மாவை இலவசமாகக் கொடுப்பது நன்மையெனத் தோன்றினாலும், அசுத்த நீரில் கரைத்த பால்மாவே குழந்தைக்கு வயிற்றோட்டத்தைக் கொடுக்கும். அதைக் குடும்பநல மாதுவின் ஆலோசனையின்றிக் கொடுக்கக் கூடாது.

முகாமில்

ஆண் ஊழியர் பெண்கள் தங்கும் வகுப்பறைக்குள் நுழையாமல், வாசலில் நின்று “அக்கா” என்று அழைத்துப் பேசட்டும். பிள்ளைகளுடன் தனித்திருத்தல், இரவில் தனியே முகாமுக்குப் போதல் ஆகியவற்றைத் தவிர்த்து, எப்போதும் இருவராகவே செல்ல வேண்டும். பெண்களுக்கான சுகாதாரத் துவாய், உள்ளாடை, மாற்றுச் சட்டை ஆகியவற்றைப் பெண் ஊழியரோ மாதர் சங்கத்தாரோ பொறுப்பேற்றுக் கொடுக்க வேண்டும். கழிப்பறைப் பக்கம் ஒரு விளக்கு எரிந்தால் பாதிப் பயம் போய்விடும். பரீட்சை எழுதும் பிள்ளைகளை மறக்க வேண்டாம்: 2024 வெள்ளத்தின்போது உயர்தரப் பரீட்சையே இடைநிறுத்தப்பட்டது. அடையாள அட்டையையும் பரீட்சை அனுமதி அட்டையையும் பொலித்தீன் உறையிலிட்டு வைக்கச் சொல்வதும், படிக்க ஒரு மூலையும் மேசையும் ஒதுக்கிக் கொடுப்பதும் செலவில்லாத உதவிகள்.

வயிற்றோட்டம் கண்டால் ஒரு பைக்கற் ஜீவனியை (வயிற்றோட்டத்துக்கான உப்புக் கரைசல் தூள்) ஒரு லீற்றர் கொதித்தாறிய நீரில் கரைத்துச் சிறிது சிறிதாகக் கொடுக்கலாம். சேற்றிலும் வயலிலும் நின்றவருக்குக் காய்ச்சலும் கெண்டைக்கால் நோவும் கண் சிவப்பும் வந்தால் அது எலிக்காய்ச்சலாக இருக்கலாம். உடனே வைத்தியசாலைக்கு அனுப்பி, வெள்ளத்தில் நின்ற செய்தியை வைத்தியரிடம் சொல்லச் செய்ய வேண்டும். அதற்கான தடுப்பு மாத்திரையைப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரே கொடுப்பார். ஊழியரும் அதே சேற்றில் நிற்பவரே என்பதால், தமக்கும் அம்மாத்திரை தேவையா என்று கேட்டுக்கொள்ள வேண்டும். பாம்பு கடித்தால் கீறவோ உறிஞ்சவோ இறுக்கிக் கட்டவோ இடங்கொடாமல், கடிபட்ட உறுப்பை அசையாது வைத்து, விரைவாக வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்ல வேண்டும்.

தண்ணீர் வற்றிய பின்

லொறிகளும் படப்பிடிப்பாளர்களும் வெள்ளம் வற்றியதும் போய்விடுவார்கள். அதன்பின் வரும் இரண்டு கிழமைகளே ஊழியரின் உழைப்பு அதிகம் தேவைப்படும் காலம். முதியவர் தனித்திருக்கும் வீடுகளிலிருந்து தொடங்கி, சுவர் ஈரமாயிருக்கும்போதே சேற்றை வழித்துக் கழுவிவிட வேண்டும். காய்ந்தால் மண்வெட்டிக்கும் அசையாது. மின்சாரத்தைத் தெரிந்தவர் பார்த்த பின்னரே ஆளியைப் போடவும்.

கிணறு இறைப்பதில் அவசரம் கூடாது. கரையோர மணற் பகுதிகளில் பெரிய பம்பை வைத்து ஒரே மூச்சில் இறைத்தால் அடிமணல் இளகிக் கிணற்றுக் கட்டு சரியும், உவர் நீரும் மேலேறும். 2004 சுனாமிக்குப் பின் பல கிணறுகளுக்கு நேர்ந்தது இதுவே. சுற்றியுள்ள வெள்ளம் இறங்கும்வரை பொறுத்திருந்து, வாளியாலோ சிறிய பம்பாலோ நிறுத்தி நிறுத்தி இறைத்து, அடிச்சேற்றை அள்ளி, உட்சுவரைத் தேய்த்துக் கழுவ வேண்டும். அதன் பின்னர் பொதுச் சுகாதாரப் பரிசோதகர் கிணற்றின் அளவைப் பார்த்துச் சொல்லும் அளவிலேயே குளோரின் இட வேண்டும். அவர் குடிக்கலாம் என்று சொல்லும்வரை பவுசரில் வரும் நீரையோ நன்கு கொதிக்கவைத்த நீரையோ பயன்படுத்தும்படி ஒவ்வொரு வீட்டாரிடமும் நேரில் சொல்லி, அடுத்த கிணற்றுக்குப் போகலாம்.