ஃபூக்கே விழுந்தது விருந்தால் அல்ல

மேலிடத்தின் கோபத்துக்கு ஆளானவர்கள் என்று பேச்சு வந்தால், பிரான்சின் நிதிப் பொறுப்பாளர் நிக்கோலா ஃபூக்கேயை யாராவது இழுத்துவிடுவார்கள். 1661 ஆகஸ்ட் 17 அன்று வோ-லெ-விகோம்த் என்ற தன் மாளிகையில் பதினான்காம் லூயிக்கு விருந்து, நாடகம், வாணவேடிக்கை என்று தடபுடல் செய்தார். செப்டம்பர் 5 அன்று, அரசரின் 23-வது பிறந்தநாளில், நாந்த் நகரில் கைதானார். ‘முதலாளியைவிடப் பகட்டு காட்டாதே’ என்று பாடம் சொல்வார்கள். ஆனால் அவரை வீழ்த்தும் முடிவை அரசர் மே மாதமே எடுத்தாயிற்று. விருந்து எரிகிற கோபத்தைக் கிளறியது, அவ்வளவுதான்.

முதல் தவறு, புது மேலிடத்தைப் பழைய கணக்கிலேயே எடைபோட்டது. மார்ச்சில் முதலமைச்சர் மஸாரின் இறந்ததும், இனி முதலமைச்சர் கிடையாது, நானே ஆள்வேன் என்றார் லூயி. வாலிப வேகம், நாலு நாளில் அடங்கிவிடும் என்று ஃபூக்கே நினைத்தார். அவர் காட்டும் கணக்கின் ஓட்டைகளை, நிதித்துறையில் அவருக்குப் போட்டியாளரான கோல்பேர் அரசரிடம் எடுத்துச் சொல்லிக்கொண்டிருந்தார்.

என் கணக்கில் பெரிய தவறு வேறு. பாரிஸ் பார்லமென்ட் என்ற உயர்நீதிமன்றத்தின் தலைமை அரசு வழக்கறிஞர் பதவியும் ஃபூக்கேயிடம்தான் இருந்தது. அதில் இருப்பவரை அந்த நீதிமன்றம்தான் விசாரிக்க முடியும். அங்கே அவருக்கு வேண்டியவர்கள் ஏராளம். அந்தப் பதவியை விருந்துக்குச் சில நாள் முன்பு விற்று, பணத்தில் பெரும்பகுதியை அரசருக்கே கொடுத்தார். நல்ல பெயர் வாங்கத்தான்! கவசம் போனதும் தனி நீதிமன்றம் அமைப்பது அரசருக்குச் சுலபமாகிவிட்டது. மேலிடத்தைக் குளிர்விக்க எதை வேண்டுமானாலும் கொடுங்கள். உங்களைக் காப்பாற்றும் சட்டப் பாதுகாப்பை மட்டும் கொடுக்காதீர்கள்.

அடுத்தது, எழுதிவைத்தது. தன்னைக் கைது செய்தால் நண்பர்கள் எந்தக் கோட்டையைப் பிடிப்பது, யார் எங்கே போவது என்று மஸாரின் காலத்திலேயே ஒரு திட்டம் எழுதியிருந்தார். பாரிஸுக்கு அருகே சேன்-மாந்தேயில் இருந்த அவர் வீட்டில் கண்ணாடிக்குப் பின்னால் கிடந்த அந்தத் தாள்களைச் சோதனை போட்டவர்கள் எடுத்தார்கள். ஊழல் வழக்கு ராஜதுரோக வழக்கும் ஆனது.

நண்பர்கள் எச்சரித்தும் காய்ச்சலோடு நாந்த்துக்குப் போனதை என்ன சொல்ல?

1664 டிசம்பரில் நீதிபதிகளில் பெரும்பான்மையோர் நாடுகடத்தினால் போதும் என்றார்கள். அரசர் அதை ஆயுள் சிறையாக உயர்த்தினார். பிக்னெரோல் கோட்டையில் 1680-இல் ஃபூக்கே இறந்தார். அவருடைய மாளிகையை உருவாக்கிய கட்டடக் கலைஞர் லெ வோ, ஓவியர் லெ ப்ரன், தோட்டக் கலைஞர் லெ நோத்ர் மூவரையும் லூயி எப்போதோ தன் வெர்சாய் அரண்மனை வேலைக்கு எடுத்துக்கொண்டிருந்தார்.