கதிரியக்க வாயு சூழ்ந்து நின்றால் எவ்வளவு டோஸ்? காகிதத்தில் ஒரு கணக்கு

ஆர்கான், செனான், கிரிப்டான் போன்ற மந்த வாயுக்கள், கதிரியக்கம் உள்ளவையானாலும், உடம்பில் தங்குவதில்லை. மூச்சில் போனது மூச்சிலேயே வந்துவிடும். அதனால் நம்மைச் சூழ்ந்து நிற்கும் வாயு வெளியிலிருந்து தரும் டோஸ்தான் (வாங்கும் கதிர்வீச்சின் அளவு) இங்கே பெரிது. உதாரணத்துக்கு ஆர்கான்-41. அரைவாழ்வு சுமார் 110 நிமிடம். ஏறக்குறைய ஒவ்வொரு சிதைவிலும் 1.29 மெகா எலக்ட்ரான்வோல்ட் ஆற்றலுள்ள காமா கதிர் ஒன்று வெளிவரும்.

முதலில் காற்றில் எவ்வளவு இருக்கிறது என்று தெரிய வேண்டும். அளந்த எண் இல்லையென்றால், வாயு வெளியேறும் வீதத்தை விரவல் காரணியால் (காற்றில் கலந்து எவ்வளவு நீர்த்துப்போகிறது என்று சொல்லும் எண்) பெருக்குங்கள். நொடிக்கு 10⁸ பெக்கெரல் (ஒரு பெக்கெரல் என்றால் நொடிக்கு ஒரு சிதைவு) வெளியேறுகிறது, காரணி 10⁻⁵ நொடி/கனமீட்டர் என்றால், கனமீட்டருக்கு 1000 பெக்கெரல்.

அடுத்ததுதான் எனக்குப் பிடித்த இடம். வாயு எல்லாத் திசையிலும் முடிவின்றிப் பரவியிருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். அப்போது ஒரு கனமீட்டரிலிருந்து கிளம்பும் ஆற்றலும் அதே கனமீட்டர் உள்வாங்கும் ஆற்றலும் சமம். தூரம், கோணம் எதுவும் வேண்டாம். ஒரு மெகா எலக்ட்ரான்வோல்ட் 1.6×10⁻¹³ ஜூல். ஆக, 1000 × 1.29 × 1.6×10⁻¹³ = நொடிக்கு 2.06×10⁻¹⁰ ஜூல். கனமீட்டர் காற்றின் எடை 1.2 கிலோ; வகுத்தால் நொடிக்கு 1.7×10⁻¹⁰ கிரே (கிலோவுக்கு ஒரு ஜூல் என்பதே ஒரு கிரே). நாம் தரையில் நிற்கிறோம், காலுக்குக் கீழே மேகம் இல்லை. ஆகவே பாதி. 3600-ஆல் பெருக்கினால் மணிக்கு சுமார் 0.31 மைக்ரோகிரே.

இது காற்று வாங்கும் டோஸ். உடம்பே கொஞ்சம் மறைப்பதால், உள்ளுறுப்புகளையும் சேர்த்துப் பார்க்கும் செயலுறு டோஸ் இதில் முக்கால் பங்கு அளவுதான், அதாவது மணிக்கு 0.2 மைக்ரோசீவர்ட் சொச்சம் (செயலுறு டோஸின் அலகு சீவர்ட்). 2 மணி நேரம் நின்றால் இரட்டிப்பு. பீட்டா (சிதைவில் கிளம்பும் எலக்ட்ரான்) தனிக்கணக்கு, அது பெரும்பாலும் தோலோடு நின்றுவிடும்.

சரி, இந்த எண்ணை எவ்வளவு நம்பலாம்? 1.3 மெகா எலக்ட்ரான்வோல்ட் காமா காற்றில் சராசரியாக 150 மீட்டர் தாண்டித்தான் முதல் மோதலைச் சந்திக்கும். மேகம் சில நூறு மீட்டராவது அகலமாக இல்லாவிட்டால் 'முடிவில்லாத மேகம்' என்பது பொய். கணக்கு உண்மையைவிட அதிகம் காட்டும். உயரமான புகைபோக்கிக்குப் பக்கத்தில் நேர்மாறு. வாயு தலைக்கு மேலே போகிறது, தரையில் செறிவு கிட்டத்தட்ட சுழியம், நம் சூத்திரமும் சுழியம் என்கிறது. காமா மட்டும் மேலிருந்து வந்துகொண்டே இருக்கும். புதிதாகக் கணக்குப் போடுபவர்கள் சறுக்குவது பெரும்பாலும் இங்கேதான். இந்த இடத்தில் வரம்புள்ள மேகத்துக்கான கணக்கு வேண்டும். அதைக் கணினியிடம் விடுவதே நல்லது.

அப்புறம், வாயு அறைக்குள் மட்டும் இருந்தால்? அறையின் கனஅளவை 0.338 என்ற அடுக்குக்கு உயர்த்தி, வரும் எண்ணால் 352-ஐ வகுங்கள். 60 கனமீட்டர் அறைக்கு 88 வரும். மேலே கிடைத்த காமா டோஸை 88-ஆல் வகுத்துக்கொள்ளலாம். பீட்டாவை வகுக்காதீர்கள், அது காற்றில் சில மீட்டர்தான் ஓடும், அதற்கு அந்த அறையே போதுமான மேகம்.