வீட்டை வாடகைக்கு விடுமுன் அழுத்த வேண்டிய ஒரு பட்டன்

புது வாடகைதாரரிடம் சாவி கொடுக்குமுன், கரண்ட் இருக்கும்போது மெயின் போர்டில் உள்ள ஆர்சிசிபியின் (மின்கசிவு வந்தால் டிரிப் ஆகி, அதாவது தானாக விழுந்து, கரண்டைத் துண்டிக்கும் சுவிட்ச்) 'டி' (டெஸ்ட்) பட்டனை அழுத்துங்கள். உடனே டிரிப் ஆக வேண்டும். ஆகாவிட்டால் அதை மாற்றாமல் யாரையும் குடிவைக்காதீர்கள்.

அந்தப் பட்டன் உள்ளிருக்கும் ரெசிஸ்டர் வழியாகச் சிறு மின்கசிவைச் செயற்கையாக உண்டாக்குகிறது. பல ஆண்டுகள் அசையாமல் கிடந்த டிரிப் பொறி இறுகிப்போயிருந்தால் அப்போதே தெரிந்துவிடும். ஆர்சிசிபியின் மேலே 30 எம்ஏ (எவ்வளவு மின்கசிவில் டிரிப் ஆகும் என்ற அளவு, மில்லி ஆம்பியரில்) என்று போட்டிருக்கிறதா என்றும் பாருங்கள். 100, 300 என்றிருந்தால் அது ஆளைக் காப்பாற்றப் போதாது.

ஆனால் எர்த் இல்லாத வீட்டிலும் இந்தப் பட்டன் வேலை செய்யும். எனவே எர்த்தை எலக்ட்ரீஷியன் தனியாகச் சோதிக்க வேண்டும், கீசர் பாயின்ட்டில் கட்டாயமாக. இன்வெர்ட்டர் லைன் ஆர்சிசிபியைத் தொடாமல் போயிருந்தால் அந்த லைட், ஃபேன்களுக்கு இந்தச் சோதனை பொருந்தாது. வெறும் எம்சிபி (ஓவர்லோடு, ஷார்ட் சர்க்யூட்டுக்கு மட்டும் விழும் சுவிட்ச்) மட்டும் உள்ள போர்டில் சோதிக்க ஒன்றுமே இல்லை. ஆர்சிசிபி வாங்கிப் போடுவதுதான் வழி.

கரண்ட் தவிர இன்னொன்று: வாடகைதாரருக்குப் பழைய கேஸ் டியூபை விட்டுப் போகிறீர்களா? அதில் அச்சிட்ட தேதியைப் பாருங்கள். காலம் கடந்திருந்தால் கழற்றிவிடுங்கள்.