இரும்புக் கை பொருத்துவது எப்படி? லார்ப் ஆட்டத்துக்கு ஓர் அறுவை சிகிச்சைக் காட்சி

பொற்கைப் பாண்டியன் கதை தெரியும்தானே? தன் கையைத் தானே வெட்டிக்கொண்டு, அந்த இடத்தில் பொன்னால் ஆன கையைப் பொருத்திக்கொண்ட மன்னன். கை எப்படிப் பொருந்தியது, எவ்வளவு வலித்தது என்றெல்லாம் கதை சொல்லாது. லார்ப்பில், அதாவது வேடம் கட்டி நேரில் நடித்தே ஆடும் கற்பனை உலக விளையாட்டில், அந்த விட்டுப்போன பகுதிதான் நமக்குத் தீனி. நடுவர் வந்து "சரி, உனக்குப் புதுக் கை வந்தாச்சு" என்று சொல்லிவிட்டுப் போவதை நானும் பார்த்திருக்கிறேன். ஒரு கையை இழந்தவனுக்குப் பத்து நிமிடமாவது கொடுக்க வேண்டாமா?

முழங்கைக்குக் கீழே உள்ள பகுதியை மாற்றும் காட்சியை மட்டும் இங்கே எடுத்துக்கொள்கிறேன். கால் வேண்டாம். செயற்கைக் காலோடு மேடுபள்ளத்தில் ஓடுவது புதியவர்களுக்கான வேலை இல்லை.

முதலில் பேசிவிடுங்கள்

நோயாளியாக நடிப்பவர், மருத்துவர், நடுவர் மூவரும் முன்கூட்டியே உட்கார்ந்து பேச வேண்டும். ரத்தம் எவ்வளவு, யார் எங்கே தொடலாம், எப்போது நிறுத்துவது என்று எல்லாமே. சுற்றி நின்று பார்க்கப் போகிறவர்களிடமும் சொல்லுங்கள். நிஜத்திலேயே உறுப்பை இழந்தவரோ, அப்படி ஒருவரை வீட்டில் பார்த்துக்கொள்பவரோ கூட்டத்தில் இருக்கலாம்.

"நிறுத்து" என்ற சொல்லை ஆட்டத்தை நிறுத்தும் சொல்லாக வைக்காதீர்கள். அறுக்கும்போது நோயாளி எப்படியும் "நிறுத்துங்க, நிறுத்துங்க" என்றுதான் கத்துவார். நடிப்பா நிஜமா என்று யாருக்கும் புரியாது. நாங்கள் "இடைவேளை" என்று வைத்திருக்கிறோம். கற்பனை உலகத்தில் யாரும் வாய்தவறிக்கூடச் சொல்லாத சொல்.

இரும்புக் கை

கையை எங்கேயும் ஒளிக்க வேண்டியதில்லை. புதுக் கை என்பது உங்கள் கைமேல் மாட்டும் ஓர் உறைதான். 5 மில்லிமீட்டர் ஈவிஏ ஃபோம் ஷீட் (ரப்பர் மாதிரி மெத்தென்று வளையும் தாள்) போதும்.

அச்சு எடுப்பதுதான் ரகசியம். முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை க்ளிங் ஃபிலிமை (உணவை மூடிவைக்கும் மெல்லிய பிளாஸ்டிக் தாள்) தளர்வாகச் சுற்றி, அதன்மேல் மாஸ்கிங் டேப்பை ஒட்டிக்கொண்டே வாருங்கள். உள்பக்கம் நீளமாக ஒரு கோடு போட்டு, முனை மழுங்கிய கத்தரிக்கோலால் அந்தக் கோட்டிலேயே வெட்டினால் உங்கள் கையின் தோல் உரித்தாற்போல ஓர் அச்சு வரும். அதை விரித்து ஃபோம் மீது வைத்து, சுற்றிலும் 1 சென்டிமீட்டர் கூட்டி வரையுங்கள். கூட்டாவிட்டால் உள்ளே சட்டைக் கைகூட நுழையாது. என் முதல் கையைக் கழற்ற மூன்று பேர் இழுக்க வேண்டியிருந்தது.

வெட்டிய ஃபோமை ஹீட் கன்னால் (சூடான காற்றை ஊதும் கருவி) சூடாக்கி, சூடு ஆறும்வரை ஒரு பாட்டிலின்மேல் சுற்றிப் பிடித்தால் அந்த வளைவு அப்படியே நிற்கும். ஜன்னலைத் திறந்து வைத்துச் செய்யுங்கள், புகை நல்லதல்ல. ஒட்டுவதற்கு கான்டாக்ட் பசை. இரண்டு விளிம்பிலும் தடவி, விரல் வைத்தால் ஒட்டாமல் லேசாகப் பிசுபிசுக்கும் வரை காத்திருந்து அழுத்துங்கள். ஈரத்தோடு ஒட்டினால் பிடிக்காது. ஒட்டிய பிறகு நகர்த்தலாம் என்ற நினைப்பும் வேண்டாம். விரல்களுக்குப் பழைய துணிக் கையுறையின் மேல்பக்கத்தில் சின்னச் சின்ன ஃபோம் துண்டுகள். மூட்டுகளில் இடைவெளி விட்டால்தான் மடக்க முடியும்.

பெயின்ட் அடிக்குமுன் தண்ணீர் கலந்த வெள்ளைப் பசையை மூன்று, நான்கு பூச்சு பூசிக் காயவிடுங்கள். பிறகு முழுக்கக் கறுப்பு. அது காய்ந்ததும் பிரஷ்ஷில் வெள்ளி நிறத்தைத் தொட்டு, காகிதத்தில் தேய்த்துத் தேய்த்துக் கிட்டத்தட்ட எல்லாவற்றையும் துடைத்துவிடுங்கள். இப்போது அந்த வறண்ட பிரஷ்ஷால் விளிம்புகளை மட்டும் லேசாக வருடினால், கறுப்புக்குள்ளிருந்து தேய்ந்த இரும்பு எழுந்து வரும். இந்தப் படியில் அவசரப்பட்டவர்களின் கை அலுமினியத் தாள் சுற்றியதுபோல இருக்கும்.

வெட்டுவதற்கு ஒரு கை

பழைய சட்டைக் கையில் பஞ்சு திணித்து, நுனியில் பஞ்சடைத்த கையுறையைத் தைத்துவிடுங்கள். இரண்டு பலகைகளை நடுவில் ஒரு கை நுழையும் இடைவெளி விட்டுப் போட்டால் மேசை தயார். நோயாளி படுத்ததும் நிஜக் கையை அந்த இடைவெளிக்குள் இறக்கிவிட வேண்டும், பொய்க் கை மேலே துணியோடு கிடக்கும். நிஜக் கை பத்து நிமிடத்துக்கு மேல் தொங்க வேண்டாம், மரத்துப்போகும்.

ரத்தத்துக்கு ஒரு கப் கார்ன் சிரப், கால் கப் தண்ணீர், சிவப்பு உணவு நிறம், அரை டீஸ்பூன் கோக்கோ தூள். கோக்கோ இல்லாவிட்டால் ஜாம் மாதிரித் தெரியும். துணியில் கறை போகாது, இரவல் உடை வேண்டவே வேண்டாம். வெட்டவெளியில் என்றால் எறும்புகள் நோயாளியை உங்களுக்கு முன்பே கண்டுபிடித்துவிடும்.

காட்சி

மருத்துவரின் ரம்பம் அட்டையில் செய்தது. மேசைப் பக்கம் உலோகம் எதுவும் வரக் கூடாது. ரத்தத்தை நிறுத்தும் கட்டைப் பொய்க் கையில் மட்டும் இறுக்குங்கள்.

சத்தம்தான் பாதி வேலையைச் செய்யும். மேசைக்கு அடியில் ஒருவர் உட்கார்ந்து, சொரசொரப்பான கட்டை ஒன்றைப் பலகையில் தேய்த்துக்கொண்டே இருக்கட்டும். மருத்துவர் ரம்பத்தை நிறுத்தும் கணத்தில் தேய்ப்பதும் நின்று, காய்ந்த குச்சி ஒன்று படக்கென்று உடைய வேண்டும். அதற்குப் பிறகு யாரும் ஒரு நிமிடம் பேச மாட்டார்கள்.

மருத்துவராக நடிப்பவருக்கு: கையை எப்போதும் ஏதாவது செய்ய விடுங்கள், வாயை அடக்கமாக வையுங்கள். "கையைப் பார்க்காதே, என்னைப் பார்" என்பது போதும். வெட்டியதும் பழுக்கக் காய்ச்சிய இரும்பால் சுடுவதா, ரத்தக் குழாய்களை நூலால் கட்டுவதா என்று உதவியாளரோடு ஒரு சின்னச் சண்டை போடலாம். 16ஆம் நூற்றாண்டில் ஆம்ப்ருவாஸ் பாரே என்ற பிரெஞ்சு மருத்துவர் சூடு போடுவதை விட்டு நூலால் கட்டும் முறைக்கு ஆதரவாக நின்றவர். அப்புறம் பொய்க் கையைத் துணியோடு எடுத்துப் போங்கள். நிஜக் கை மேலே வரும்போது அதில் இரும்பு உறையை மாட்டி, தோல் வாரைக் கட்டி, கட்டின்மேல் ரத்தம் தொட்டு வைத்தால் முடிந்தது.

முடிந்த பிறகு

புதுக் கை வந்த அன்றே வாள் சுழற்றினால் இவ்வளவு பாடும் வீண். ஜெர்மானிய வீரர் கோட்ஸ் ஃபான் பெர்லிஷிங்கன் 1504இல் லான்ட்ஸ்ஹூட் முற்றுகையில் வலக்கையை இழந்து இரும்புக் கை பொருத்திக்கொண்டார். அதன் விரல்களை மறு கையால் மடக்கித்தான் பூட்ட வேண்டும். இதை அப்படியே எடுத்துக்கொள்ளுங்கள். கோப்பையைப் பிடிக்குமுன் இடக்கையால் ஒவ்வொரு விரலாக மடக்குங்கள். இல்லாத விரல் அரிக்கிறது என்று இரும்பைச் சொறியுங்கள். முதல் நாள் கேடயம் கிடையாது, இரண்டாம் நாள் மெதுவாக என்று நடுவரோடு ஒரு கணக்கு வைத்துக்கொள்ளலாம்.

வீட்டுக்குப் போனதும் உறைக்குள் துணியைத் திணித்து நிமிர்த்தி வையுங்கள். பைக்குள் அழுந்திக் கிடந்தால் ஃபோம் அடுத்த ஆட்டத்துக்குள் சப்பிப்போய்விடும்.